தாங்கியில் போட்டது திரவமா, தூளா? குளோரீன் கோளாறுகளை அறிகுறி பார்த்துப் பிடிக்கும் வழி

கொழும்பில் மொட்டைமாடித் தாங்கியையோ கிணற்றையோ சுத்தம் பண்ண இறங்கினால் கைக்கு வருவது இரண்டு சாமான். ஒன்று, கேனில் வரும் இளம் மஞ்சள்பச்சைத் திரவம். அது சோடியம் ஹைப்போகுளோரைற்று. மற்றது, பொலித்தீன் பையில் நிறுத்துத் தருகிற வெள்ளைத் தூள். பி.எச்.ஐ.மார் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள்) ரி.சி.எல். என்பதும் கடையில் நாம் பிளீச்சிங் பவுடர் என்று கேட்பதும் இதைத்தான். அதில் வேலை பார்ப்பது கல்சியம் ஹைப்போகுளோரைற்று. பழைய சோனகத் தெருப் பக்கம் ஒரு கடைப் பொடியனிடம் இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேளுங்கள். "ரெண்டும் குளோரீன்தானே அண்ணை, எது மலிவோ அதைக் கொண்டு போங்கோ" என்பான்.

அவன் சொல்வது பாதி சரி. தண்ணீரில் கரைந்த பிறகு இரண்டும் ஒரே ஹைப்போகுளோரைற்றைத்தான் விடுகின்றன. கிருமிக்குச் சோடியமா கல்சியமா என்ற கவலை கிடையாது. வீட்டுக்காரர் மாட்டுப்படுவது மற்றப் பாதியில்: தூளோடு கூட வரும் சுண்ணாம்பு, நாள்பட்டால் திரவத்தின் வலு போகும் விதம், எது எதனோடு சேரக்கூடாது என்பது. ஆகவே கீழே எந்த அறிகுறிக்குப் போக முன்னும் கையிலிருப்பது எது, எத்தனை சதவீதம், எப்போது வாங்கியது என்று பாருங்கள். லேபல் இல்லாத கேன் எவ்வளவு மலிவாக வந்தாலும் வாங்குவதில்லை என்பது என் கட்சி. சதவீதம் தெரியாமல் கணக்குப் போட முடியாது.

கணக்கு இதுதான். கழுவி முடித்த 1000 லீற்றர் தாங்கியைக் கிருமி நீக்க, லீற்றருக்கு 50 மி.கி. குளோரீன் வருகிற மாதிரிக் கலந்து 24 மணித்தியாலம் விட வேண்டும். மொத்தம் 50 கிராம் குளோரீன். 5 சதவீதத் திரவம் என்றால் 1 லீற்றர். 10 சதவீதம் என்றால் அரை லீற்றர். 30 சதவீத ரி.சி.எல். தூள் என்றால் ஏறக்குறைய 165 கிராம். 65 முதல் 70 சதவீத வலுத்தூள் என்றால் 75 கிராம் சொச்சம். ஒரே தாங்கிக்கு ஒருவர் 75 கிராமும் இன்னொருவர் 165 கிராமும் போட்டு இரண்டு பேரும் சரியாக இருக்கலாம். "போன முறை இரண்டு சுண்டுத் தூள் போட்டம், இந்த முறையும் அதே" என்ற கணக்கு இதனால்தான் உதவாது. நேரம் முடிந்ததும் அந்தத் தண்ணீரை முழுதாக வெளியேற்றி, புதுத் தண்ணீர் நிரப்பிய பிறகே குசினிக் குழாயைத் திறக்க வேண்டும்.

மூச்சு முட்டுகிறது, கண் எரிகிறது, தொண்டை இறுகுகிறது

இது நடந்தால் மிச்சத்தை வாசிக்க நிற்க வேண்டாம். வெளியே வாருங்கள்.

இரண்டில் எதுவாக இருந்தாலும் அமிலம் பட்டால் குளோரீன் வாயு கிளம்பும். கொமட் கழுவுகிற அசிட், வினாகிரி, தேசிக்காய்ச் சாறு, கேத்தலில் படிந்த கல்லைக் கரைக்கிற திரவம் எல்லாம் அமிலம்தான். பாத்ரூம் நிலத்துக்கு முதலில் அசிட் போட்டு, கறை போகவில்லை என்று மேலே பிளீச் ஊற்றுவதே வீட்டில் வழக்கமாக நடக்கிற விபத்து. அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கிற திரவமோ, கழுவாத சிறுநீரோ பட்டால் குளோரமைன் ஆவி வரும். அதுவும் நெஞ்சை அடைக்கும்.

குளோரீன் வாயு காற்றைவிடப் பாரமானது. நிலத்தோடு தங்கும், தாங்கியின் அடியில் தேங்கும். ஆகவே குனிந்து துடைக்கப் போகக் கூடாது; கதவையும் யன்னலையும் திறந்துவிட்டு உயரமான, காற்றோட்டமான இடத்துக்குப் போங்கள். "இதை முறிக்க" என்று சோடா மாவோ வேறொன்றோ கொட்டப் போக வேண்டாம். கண்ணில் பட்டிருந்தால் ஓடுகிற தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். இருமல் நிற்கவில்லை, மூச்சு இழுக்கிறது என்றால் 1990 சுவசெரிய அம்புலன்சுக்கு அடியுங்கள். விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. போன வழியே திரும்பி வரும்போது இன்னொரு முறை சுடும்.

தாங்கிக்குள் ஆள் இறங்கித்தான் கழுவ வேண்டும் என்றால் குளோரீன் போட முன்னரே இறங்கிக் கழுவி ஏறிவிட வேண்டும். போட்ட பிறகு ஒருவரும் உள்ளே இறங்குவதில்லை.

தூள் பை சுடுகிறது, புகைகிறது

இது தூளுக்கு மட்டும் உரிய கோளாறு. திரவம் இப்படித் தீப்பிடிக்காது. கல்சியம் ஹைப்போகுளோரைற்று திண்மமாக இருக்கும்போது எண்ணெய், பெற்றோல், தேர்பந்தைன், பிரேக் ஒயில், ஏன் சீனி கலந்த குளிர்பானம் பட்டாலும் தானே சூடேறித் தீப்பிடிக்கலாம். மோட்டார் சைக்கிள் நிற்கிற கராஜில், ஒயில் போத்தலுக்குப் பக்கத்தில் பையை வைக்கிற பழக்கத்தை இன்றைக்கே விடுங்கள். வாரிப் போடுகிற கரண்டியும் காய்ந்ததாக, சுத்தமாக இருக்க வேண்டும்.

நீச்சல் தடாகத்துக்குப் போடும் குளோரீன் வில்லைகள் வேறு சேர்மம். அவற்றில் பெரும்பாலானவை சயனூரிக் அமில வகை. அதே வாளியில், அதே கரண்டியில் தூளையும் அதையும் கலந்தால் வெடிக்கக்கூடிய வாயு உண்டாகும். இரண்டையும் ஒரே அலுமாரியில் வைக்கவே வேண்டாம். வீட்டுத் தாங்கிக்கு அந்த வில்லை தேவையும் இல்லை.

கரைக்கும்போது வாளியில் முதலில் தண்ணீர், பிறகு தூள். மாற்றிச் செய்து தூளின் மேல் கொஞ்சத் தண்ணீர் ஊற்றினால் ஒரே இடத்தில் சூடேறித் தெறிக்கும்.

ஊற்றினேன், ஆனால் குளோரீன் காட்டவே இல்லை

நிறைய வீடுகள் மாட்டுப்படுகிற இடம் இதுதான். மூன்று காரணங்கள் இருக்கலாம். மூன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு என்பதால் ஊகிக்காமல் பிரித்துப் பார்க்க வேண்டும்.

சாமான் செத்துப் போயிருக்கலாம். திரவம் கடைத் தட்டில் நிற்கும்போதே தன்னைத்தானே தின்னும்: ஹைப்போகுளோரைற்று மெதுவாகக் குளோரைட்டாகவும் குளோரேற்றாகவும் மாறிவிடும். வெப்பம் 10 பாகை கூடினால் இந்த மாற்றம் மூன்று நான்கு மடங்கு வேகமாகும். வலு கூடிய திரவம்தான் முதலில் கெடும். மொட்டைமாடியில், தாங்கிக்குப் பக்கத்திலேயே, வெயில் படுகிற வெள்ளைக் கேனில் மாதக்கணக்காக வைத்திருந்த 10 சதவீதத் திரவம் இப்போது எத்தனை சதவீதம் என்று யாரும் சொல்ல முடியாது. வாசம் மட்டும் மிச்சம் இருக்கும், வாசத்தை நம்பாதீர்கள். இதற்கு ஒரு வழி உண்டு. பெரிய கேன் வாங்கினால் வந்த அன்றே நல்ல தண்ணீரில் பாதிக்குப் பாதி ஐதாக்கி, நிழலான இடத்தில், ஒளி புகாத பிளாஸ்டிக் கேனில் வையுங்கள். ஐதான திரவம் மிக மெதுவாகத்தான் கெடும். ஊற்றும் அளவை இரட்டிப்பாக்க மறக்க வேண்டாம். கேனில் புதுச் சதவீதத்தையும் திகதியையும் எழுதி ஒட்டுங்கள்.

தூள் இப்படித் தானாகக் கெடுவது குறைவு. அதன் எதிரி ஈரம். கொழும்புக் காற்றில் வாய் திறந்த பை கட்டி கட்டியாகி, ஈரமாகி, நெடி போய்விடும். கையால் அமுக்கினால் மாவு மாதிரி உதிர்ந்தால் நல்லது. பிசுபிசுத்தால் அது அநேகமாகச் சுண்ணாம்புதான்.

சாமான் நன்றாக இருந்தும் தண்ணீர் அதைத் தின்றிருக்கலாம். சேறு, பாசி, இலை அழுகல், கரைந்த இரும்பு எல்லாம் குளோரீனைக் குடிக்கும். 2016 மே வெள்ளத்தில் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் களனி கங்கை வீடுகளுக்குள் புகுந்தது. அப்படி வெள்ளம் மூடிய கிணற்றில் சேற்றை இறைத்து எடுக்காமல் எத்தனை கிலோ தூள் கொட்டினாலும் அது சேற்றுக்குத்தான் போகும்.

இந்த இரண்டையும் பிரிக்க, ஒரு கண்ணாடிக் குவளையில் போத்தல் தண்ணீரும் இன்னொன்றில் உங்கள் தாங்கித் தண்ணீரும் எடுங்கள். இரண்டிலும் ஒரே அளவு துளி விட்டு, அரை மணித்தியாலம் கழித்து, குளோரீன் அளக்கிற டி.பி.டி. வில்லைச் சோதனைப் பெட்டியால் பாருங்கள். போத்தல் தண்ணீரிலும் நிறம் வரவில்லை என்றால் சாமானைக் கொண்டுபோய்க் கடையில் கொடுங்கள். போத்தல் தண்ணீரில் வந்து உங்கள் தண்ணீரில் வரவில்லை என்றால் தாங்கியை இன்னொரு முறை தேய்த்துக் கழுவுங்கள்; அளவைக் கூட்டுவது பிறகு.

மூன்றாவது காரணத்தைப் பலர் நம்ப மாட்டார்கள்: குளோரீன் அளவுக்கு மிஞ்சி இருப்பது. டி.பி.டி. வில்லை போட்டால் குளோரீன் உள்ள தண்ணீர் இளஞ்சிவப்பாக வேண்டும். குளோரீன் மிக அதிகமாக இருந்தால் அந்த நிறத்தையே அது வெளுத்துவிடும். சோதனைக் குழாயைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு வில்லையைப் போடுங்கள்: ஒரு கணம் வில்லையைச் சுற்றிச் சிவப்பு நூல் ஓடும், பிறகு மறையும், தண்ணீர் தெளிவாகிவிடும். தாமதமாகப் பார்க்கிறவர் "பூச்சியம்" என்று எழுதி இன்னும் ஒரு லீற்றர் ஊற்றுவார். சந்தேகம் வந்தால் ஒரு பங்கு மாதிரிக்கு ஒன்பது பங்கு போத்தல் தண்ணீர் சேர்த்துத் திரும்பச் சோதியுங்கள். வருகிற எண்ணைப் பத்தால் பெருக்கினால் உண்மை அளவு.

தாங்கியின் அடியில் வெள்ளைப் படிவு, தண்ணீர் பால் மாதிரி

போட்டது தூள் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. 1799 இல் கிளாஸ்கோவின் சார்ள்ஸ் டெனன்ற் காப்புரிமை எடுத்த முறையே நீறிய சுண்ணாம்பில் குளோரீன் வாயுவைப் பாய்ச்சித் தூளாக்குவதுதான். குளோரீன் பிடிக்காத சுண்ணாம்பு தூளோடேயே வருகிறது, தண்ணீரில் முழுதாகக் கரைவதில்லை, அடியில் இறங்குகிறது. 30 சதவீதத் தூளில் இது நிறைய. 65 சதவீதத்துக்கு மேற்பட்டதில் குறைவு.

தூளை நேரே தாங்கியில் கொட்டக் கூடாது. பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, மரத்தடியாலோ பிளாஸ்டிக் குழாயாலோ கிளறி, அரை மணித்தியாலம் போல அசையாமல் விடுங்கள். மேலே தெளிந்து நிற்கிற தண்ணீரில்தான் குளோரீன் இருக்கிறது. அதை மட்டும் தாங்கியில் ஊற்றி, அடி மண்டியை வாளியிலேயே விட்டுவிடுங்கள். ஏற்கனவே கொட்டியாயிற்று என்றால் அடிப் பைப்பைத் திறந்து மண்டியை வெளியேற்றுங்கள். அப்படியே விட்டால் அந்தச் சுண்ணாம்பு ஷவர்த் தலையிலும் வோஷிங் மெசின் வடியிலும் போய் அடைக்கும்.

படிவைக் கரைக்க வினாகிரி ஊற்றலாம் என்று யாராவது சொல்வார்கள். குளோரீன் இருக்கும்வரை அந்த வேலை கூடாது. ஏன் என்று மேலே சொல்லியாயிற்று.

திரவம் போட்டும் வெள்ளையாக மங்கினால் அது பெரும்பாலும் உங்கள் கிணற்று நீரின் கடினத்தன்மை. திரவம் காரமானது, கடின நீரில் அது பட்டதும் அந்த நீரிலேயே இருந்த கல்சியம் படிகிறது. கொஞ்ச நேரம் விட்டால் அடியில் இறங்கும்.

தண்ணீர் கபில நிறமாகியது, அல்லது கறுப்பாகியது

தெளிந்த கிணற்று நீரில் குளோரீன் விட்டதும் தேநீர்ச் சாயம் ஏறினால், சாமானில் அழுக்கு என்று கடைக்காரனோடு சண்டைக்குப் போக வேண்டாம். கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருந்த இரும்பைக் குளோரீன் ஒட்சியேற்றி வெளியே தள்ளியிருக்கிறது. கறுப்புத் துகள் என்றால் மங்கனீசு. இரண்டு சேர்மத்துக்கும் இது பொது. படிய விட்டு, அடித் தண்ணீரை வெளியேற்றி, மீந்த குளோரீனைத் திரும்ப அளந்து பாருங்கள், குறைந்திருக்கும். அந்தத் தண்ணீரில் வெள்ளை உடுப்பு நனைத்தால் கறை நிரந்தரம்.

நீச்சல் தடாக வாசம் மூக்கைத் துளைக்கிறது

குளோரீன் கூடிப்போச்சு என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். பெரும்பாலும் காரணம் நேர் எதிர். தண்ணீரில் அமோனியாவோ நைதரசன் கொண்ட அழுக்கோ இருந்து, போட்ட குளோரீன் அதனோடு கட்டுப்பட்டுக் குளோரமைனாக நிற்கிறது. அந்தக் காரமான மருந்து வாசம் குளோரமைனுடையது. கட்டுப்படாத குளோரீன் இதே அளவில் இவ்வளவு நாறாது.

டி.பி.டி. பெட்டியில் முதலாம் இலக்க வில்லை கட்டற்ற குளோரீனை, அதாவது எதனோடும் கட்டுப்படாததை, காட்டும். அதே சோதனைக் குழாயில் மூன்றாம் இலக்க வில்லையையும் சேர்த்தால் மொத்தக் குளோரீன் வரும். இரண்டுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இருந்தால் தண்ணீருக்குள் அழுக்கு வருகிற வழியைத் தேடுங்கள். கொட்டாஞ்சேனை மாதிரி நெருக்கமான பகுதிகளில் நிலக்கீழ்த் தொட்டியும் மலக்குழியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற வீடுகள் உண்டு. தொட்டிச் சுவரில் வெடிப்பு இருந்தால் குளோரீன் அதை மறைக்குமே தவிர அடைக்காது. மேசனைக் கூப்பிடுங்கள்.

குளோரீன் நிற்கிறது, ஆனால் ஆய்வகம் கிருமி உண்டு என்கிறது

இங்கே பி.எச். அளவை, அதாவது தண்ணீர் எவ்வளவு அமிலம், எவ்வளவு காரம் என்பதை, பாருங்கள். ஹைப்போகுளோரைற்று தண்ணீரில் இரண்டு வடிவமாகப் பிரிந்து நிற்கும். கிருமியைக் கொல்வதில் ஹைப்போகுளோரஸ் அமிலம் கெட்டிக்காரன்; ஹைப்போகுளோரைற்று அயன் மந்தம். பி.எச். 7.5 இல் ஏறத்தாழ பாதிக்குப் பாதி, 8.5 ஆனால் அமிலப் பங்கு பத்தில் ஒன்றுக்கு இறங்கிவிடும். உலக சுகாதார நிறுவனம் பி.எச். 8 இற்குக் கீழே, குறைந்தது 30 நிமிடத் தொடுகைக்குப் பிறகு, லீற்றருக்கு 0.5 மி.கி. கட்டற்ற குளோரீன் மிஞ்ச வேண்டும் என்று சொல்வதன் காரணம் இதுதான். குழாய் முனையில் வரும்போது 0.2 ஆவது இருக்க வேண்டும்.

திரவம், தூள் இரண்டுமே காரம். தூளில் சுண்ணாம்பும் சேர்வதால், மண்டியோடு கொட்டினால் பி.எச். இன்னும் ஏறும். நாளாந்தக் குடிநீருக்குச் சிறிய அளவில் போடும்போது இது பெரிய விஷயமில்லை; கண்மூடித்தனமாக அள்ளிப் போடும்போதுதான் பிரச்சினை. பி.எச். கூடியிருந்தால் அமிலம் விட்டுக் குறைக்கப் பார்க்காமல் அந்தத் தண்ணீரை வெளியேற்றிப் புதிதாக நிரப்புங்கள்.

கலங்கல் இருந்தால் இன்னொரு காரணமும் உண்டு. துகளுக்குள் ஒளிந்த கிருமியைக் குளோரீன் தொடாது. முதலில் தெளிய வைக்க வேண்டும்.

கேன் ஊதுகிறது, மூடி திறந்தால் சீறுகிறது

திரவத்துக்கு உரிய கோளாறு. உள்ளே சேர்ந்திருப்பது பெரும்பாலும் ஒட்சிசன். செம்பு, நிக்கல், துரு ஆகியவற்றில் துணுக்கு விழுந்தாலும் ஹைப்போகுளோரைற்று உடைந்து ஒட்சிசனை விடும். உலோக அகப்பை, பித்தளைத் திருகு, துருப்பிடித்த புனல் எதையும் இதற்குள் விடக் கூடாது. கேனை வெளியில் வைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூடியை மெதுவாகத் தளர்த்துங்கள். விளிம்புவரை நிரப்பவோ கண்ணாடிப் போத்தலில் இறுக்கி மூடவோ வேண்டாம். குடிதண்ணீர்ப் போத்தலில் ஊற்றி வைப்பதோ தண்டனைக்குரிய குற்றம் என்பேன். நிறம் தெரியாத அளவுக்கு ஐதாகிவிட்டால் பிள்ளைகளுக்கு வித்தியாசம் தெரியாது.

பம்பு, பைப், உடுப்பு பழுதாகிறது

24 மணித்தியாலக் கணக்கை இரண்டு நாளாக நீட்டியவர்களுக்கு இது வரும். எவர்சில்வர் தாங்கியில் புள்ளி புள்ளியாக அரிப்பு விழும். பம்பின் இறப்பர் வளையம் விறைத்து வெடிக்கும். எவர்சில்வர்த் தாங்கி வைத்திருப்பவர் அளவையும் நேரத்தையும் குறைத்துக்கொள்வது நல்லது. உடுப்பில் விழுந்த புள்ளிக்கு வைத்தியம் இல்லை.

தண்ணீர் உப்புக் கரிக்கிறது

திரவம் வேலை முடிந்ததும் விட்டுப் போவது சாதாரண உப்பு. தூள் விடுவது கல்சியம் குளோரைட்டு. இரண்டும் நாக்குக்குத் தெரிகிற அளவுக்கு வருவதில்லை. 50 மி.கி. கணக்கில் போட்ட தண்ணீரிலேயே சேர்கிற குளோரைட்டு, லீற்றருக்கு 250 மி.கி. அளவில் தொடங்குகிற உப்புச் சுவைக்கு எட்டாது.

அப்படியானால் உப்பு எங்கிருந்து? கொழும்புக்கு வருகிற தண்ணீரில் பெரும்பகுதி அம்பத்தலையில் களனி கங்கையிலிருந்து எடுக்கப்படுகிறது. நீண்ட வரட்சியில் ஆற்றின் நீரோட்டம் குறைந்தால் கடல்நீர் ஆற்றுக்குள் மேலேறும். அதைத் தடுக்க மணல் மூட்டை அணை போட்ட காலங்களும் உண்டு. வெள்ளவத்தை, தெகிவளை போலக் கரையோரக் கிணறுகளில் அளவுக்கு மிஞ்சி இறைத்தாலும் உப்பு உள்ளே வரும். இது குளோரைட்டு; கிருமி கொல்லும் குளோரீன் அல்ல. டி.பி.டி. வில்லை இதற்கு நிறம் மாறாது. கொதிக்க வைத்தால் நீர் ஆவியாகி உப்பு இன்னும் தடிக்கும், கரித் துண்டு வடியிலும் போகாது. குழாய்த் தண்ணீர் கரித்தால் நீர் வழங்கல் சபைக்கு அறிவியுங்கள். கிணறு கரித்தால் பம்பைச் சில நாள் ஓய்வாக விட்டு, திரும்ப மெதுவாக இறைத்துப் பாருங்கள்.